மிஸ் லொரெய்னுக்குப் போர்த்திய பொன்னாடை

1

போன சனிக்கிழமை என் வலது காதை மூன்றாவது முறையாகப் படம் எடுத்தார்கள். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் ஒட்டும் புகைப்படத்தில் முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். வலது காது மறைவில்லாமல் தெரிய வேண்டும். இது இங்கே சட்டம். முன்பு எடுத்த இரண்டு படங்களும் பழசாகிவிட்டன என்று வக்கீல் சொல்லிவிட்டார். மற்றபடி என் மூக்கைப் பற்றியோ, ஏறிக்கொண்டே போகும் நெற்றியைப் பற்றியோ இந்த அரசாங்கம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கரூரிலிருந்து எழுதும் நண்பர்கள் "நீதான் செட்டிலாயிட்டியேப்பா" என்கிறார்கள். அவர்களுக்காக என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் விசாவுக்கு ஆயுள் ஆறு வருஷம். அதற்குள் நான் வேலை பார்க்கும் கம்பெனி எனக்காக கிரீன் கார்டு வாங்கித் தர வேண்டும். கார்டு வரும்வரை அதே கம்பெனி, அதே வேலை, அதே நாற்காலி. நடுவில் அந்த நாற்காலியை எடுத்துவிட்டார்களென்றால் பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த மாதிரிதான். முதல் கட்டத்துக்கு வந்து மறுபடி தாயம் போட வேண்டும். என் மனைவி வளர்மதிக்கு இன்னும் விசேஷமான விசா. அதில் அவள் இங்கே இருக்கலாம், சமைக்கலாம், வரி கட்டும் கணவனோடு சண்டை போடலாம். வேலைக்கு மட்டும் போகக் கூடாது. ஊரில் மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி நடத்தியவள்.

எனக்கு இது ஆறாவது வருஷம்.

2

கரூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலை ஒன்றில் நான் மக்கள் தொடர்பு அதிகாரியாக ஐந்து வருஷம் இருந்தேன். பெயர்தான் பெரிசு. செய்த வேலை, விழாவுக்கு விழா பொன்னாடை, மாலை, எலுமிச்சம்பழம் வாங்குவது. கலெக்டருக்கு வலது பக்கம் யார் நிற்பது என்று முடிவுசெய்வது. சிமெண்ட் தூசியால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை என்று இருமிக்கொண்டே அறிக்கை எழுதுவது. பிறகு டெக்ஸாஸில் வந்து அதே விஷயத்தை மேல்படிப்பாகப் படித்து, ஹூஸ்டனில் ஓர் எரிசக்திக் கம்பெனியின் மக்கள் தொடர்புப் பிரிவில் சேர்ந்தேன். பத்தாயிரம் மைல் பறந்துவந்து அதே இருமலை ஆங்கிலத்தில் இருமுகிறேன்.

பிரிவின் தலைவர் மிஸ் லொரெய்ன். கம்பெனியின் துணைத் தலைவர்களில் ஒருவர். கறுப்பினப் பெண்மணி, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தட்டச்சுப் பெண்ணாக அங்கே சேர்ந்தவர். அவர் சேர்ந்த காலத்தில் அந்தக் கட்டடத்தில் கறுப்பர்களுக்கென்று தனியாக ஒரு தண்ணீர்க்குழாய் இருந்ததாம். குழாய் போய்விட்டது, அது இருந்த சுவரில் இப்போது கம்பெனியின் ஆண்டறிக்கை மாட்டியிருக்கிறது, அட்டையில் மிஸ் லொரெய்ன் சிரிக்கிறார்.

மாலை ஐந்து மணிக்குமேல் அவருக்கு இன்னொரு வேலை. நகரத்தின் கறுப்பர் உரிமைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஆகவே பகலில் கம்பெனிக்காக மக்களிடம் பேசுவார்; ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மக்களுக்காகக் கம்பெனிகளிடம் பேசுவார். எல்லாக் கம்பெனிகளிடமும் பேசுவார், எங்கள் கம்பெனியைத் தவிர. அந்த ஒன்றின் பேச்சு வந்தால் கூட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் குடிப்பார்.

எங்கள் ஆலை நகரத்தின் கிழக்கே. வேலியை ஒட்டினாற்போல ஒரு கறுப்பர் குடியிருப்பு, ஒரு ஆரம்பப் பள்ளி. வாரத்தில் இரண்டு நாள் அங்கே அழுகிய முட்டை நாற்றம் வரும். அவர்கள் புகார் எழுதுவார்கள், நான் பதில் எழுதுவேன், மிஸ் லொரெய்ன் அதைக் கூட்டத்தில் வாசிப்பார். அந்த நாற்றத்துக்கு நான் வைத்த பெயர் 'தற்காலிக மண நிகழ்வு'. இதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது வளர்மதி சாம்பாரைக் கிளறிக்கொண்டே, "முட்டை நாத்தம்னா ஹைட்ரஜன் சல்பைடுங்க. ப்ளஸ் டூப் பசங்களுக்கே தெரியும்" என்றாள்.

ஆபீஸில் எல்லோருக்கும் நான் பழனிசாமி. அது என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயரென்று எடுத்துக்கொண்டார்கள். நான் செய்த தப்புக்கெல்லாம் பழனிசாமி, பழனிசாமி என்று அப்பாவைத்தான் திட்டுகிறார்கள். பாவம், அவர் கரூரில் நிம்மதியாகத் தறிநூல் வியாபாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

3

கிரீன் கார்டுக்குக் கம்பெனி விண்ணப்பம் போட வேண்டுமென்றால் மிஸ் லொரெய்ன் சிபாரிசு எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் கேட்டேன். பார்க்கலாம் என்றார். மூன்று மாதம் பார்த்தார். அப்போதுதான் எனக்குள் இருந்த பழைய கரூர் அதிகாரி கண்விழித்தான்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தேன். ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடம், இருநூறு பேர், மேடையில் தெர்மாகோல் கரும்பு. 'சமூகநீதிச் சுடர்' என்று பட்டமும் தயார். சங்கச் செயலாளர் முத்துக்குமரன் அண்ணன்தான் கடைசி நேரத்தில் சிக்கலைக் கண்டுபிடித்தார்.

"ஏப்பா, அந்தம்மாவுக்கு நீ போத்த முடியாதுல்ல. லேடீஸ்தான் போத்தணும்."

லேடீஸ் எல்லோரும் அடுப்படிப் பக்கம் சர்க்கரைப் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வளர்மதியைக் கரண்டியும் கையுமாக இழுத்துவந்து மேடையில் நிறுத்தினேன். பொன்னாடை சங்கத்துச் சொத்து. ஏற்கெனவே மூன்று பிரமுகர்களின் தோளைப் பார்த்தது, மடிப்புக் கலையாமல் பெட்டிக்குத் திரும்பியது. நம் ஊரில் அதுதானே முறை? போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள், வாங்கியவர் உட்காரும் முன்பே உருவிப் பின்னால் நிற்பவரிடம் கொடுத்துவிடுவார். அது ஒரு துணி. ஐந்து வருஷத்தில் நானே நானூறு வாங்கியிருப்பேன். அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது என்று தெரிந்துகொள்ளத் தமிழனாகப் பிறந்தால் போதும்.

மிஸ் லொரெய்ன் டெக்ஸாஸில் பிறந்தவர். பொன்னாடையைக் கழற்றவேயில்லை. அதோடேயே பேசினார், அதோடேயே வரிசையில் நின்று பொங்கல் வாங்கினார், நெய் படாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். வளர்மதியிடம், இதற்கு என்ன பொருள் என்று கேட்டார். வளர்மதிக்கு அப்போது இங்கிலீஷ் பேசக் கூச்சம். யோசித்து யோசித்து, இனி நீங்கள் எங்கள் வீட்டு மனுஷி என்று சொன்னாள். மிஸ் லொரெய்ன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

திங்கட்கிழமை காலையில் என் விண்ணப்பத்தில் கையெழுத்து. பொன்னாடை அவர் அறையில், நாற்காலி முதுகில் மடித்துப் போட்டிருந்தது. சங்கத்தில் கேட்டபோது, கிடைக்காது என்று நான் சொல்லவேண்டியதாயிற்று. மூன்று மாதம் நகராத பேப்பரை மூன்று முழத் துணி நகர்த்திவிட்டதே என்று சினேகிதர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நான் எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் என்பதற்கு ஒரு உதாரணமாகவே இந்தக் கதையை வைத்திருந்தேன், இரண்டு வருஷம்.

4

எங்கள் மகள் யாழினி நாலாம் வகுப்பு. நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இட்லி வேண்டுமா என்றால் 'மே பி' என்பாள். போன பிப்ரவரியில் பள்ளியில், உங்கள் ஊரின் தலைவர் ஒருவரைப் பேட்டி எடுத்துவா என்று சொல்லியிருந்தார்கள். நான் அடக்கமாக என் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். "நோ அப்பா, எ ரியல் லீடர்" என்றாள்.

ஆக மிஸ் லொரெய்ன். யாழினி கேஸட் ரெக்கார்டரோடு போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். கேஸட்டைக் கேட்டு டைப் அடிப்பது தகப்பன் கடமை. மறுநாள் காலை, நாங்கள் குடியிருக்கும் சுகர் லேண்டிலிருந்து ஆபீஸுக்குப் போகும் ஃப்ரீவேயில் கார்கள் வழக்கம்போல எருமை மாதிரி நின்றன. நான் கேஸட்டைப் போட்டேன்.

தண்ணீர்க்குழாய், பஸ், ஊர்வலம் எல்லாம் வந்தது. பிறகு என் மகள், பெரியவர்கள் அவளிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை அப்படியே திருப்பிக் கேட்டாள். பெரியவளானதும் என்னவாக ஆசை?

மிஸ் லொரெய்ன் ரொம்ப நேரம் சிரித்தார். பேசியது இங்கிலீஷ், நான் நம் பேச்சில் தருகிறேன், அந்தத் தெற்கத்தி இழுப்பை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

"சங்க வேலை மட்டும் பாக்கணும் கண்ணு. முழு நேரமும். இந்த ஆபீஸ விட்டுட்டு."

எப்போது என்று கேட்டாள் யாழினி.

"போன வருஷமே போயிருக்கணும். ஒருத்தருக்காக ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் போயிட்டா அடுத்து வர்றவங்க அவர் மேசைய எடுத்துருவாங்க. அவங்க வீட்டுல என் தோள்ல ஒரு துணி போத்தி, நீ எங்க ஆளுன்னு சொல்லிட்டாங்க. எங்க சர்ச்சில அப்படி ஒருத்தர் தோள்ல துணி போட்டா, அவங்களுக்கு நீ பொறுப்பு, உனக்கு அவங்க பொறுப்பு. அந்தப் பேப்பர் வரட்டும்."

அவர் ஃபேமஸா என்று கேட்டாள் என் மகள். இல்லை, ஆனால் ரொம்ப வேடிக்கையான மனிதர் என்றார் மிஸ் லொரெய்ன்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு முன்னால் சாலை காலியாகக் கிடந்தது.

5

அடுத்து என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. டைப் அடிக்கும்போது அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். கேஸட் தெளிவாக இல்லை என்று மகளிடம் சொன்னேன். இருமிக்கொண்டே பொய் எழுத எனக்கு வரும் என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன்; இருமாமல் சொல்லவும் வரும்.

காலையில் மிஸ் லொரெய்னைப் பார்த்தால் இருப்புக்கொள்ளாது. ஜோக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டினேன். அவரைப் பிடித்து வைத்திருக்கும் கயிறு நான்தான் என்றால், வழவழப்பான கயிறாகவாவது இருக்கலாமே என்று ஒரு நினைப்பு.

மார்ச்சில் வேலியோரக் குடியிருப்பின் சர்ச்சில் ஒரு கூட்டம். மிஸ் லொரெய்ன் கம்பெனி சார்பாகப் பேசினார்; நான் எழுதிக் கொடுத்ததை வாசித்தார். ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் எழுந்தார். அவரைத் தண்ணீர்க்குழாய்க் காலத்திலிருந்து தெரிந்தவராம். கோபமே இல்லாமல் கேட்டார்:

"இன்னிக்கி எந்த நாற்காலியில உக்காந்து பேசற, லொரெய்ன்?"

மிஸ் லொரெய்ன் காகிதத்தைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் நான் எழுதியிருக்கவில்லை. தண்ணீர் குடித்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து 'தற்காலிக மண நிகழ்வு' என்று வாசித்தார். கூடம் அமைதியாகக் கேட்டது. திட்டியிருந்தால் தேவலை.

திரும்பும்போது காரில் நான் ஏதோ ஜோக் சொன்னேன். அவர் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல், ஒரு மரியாதைக்குச் சிரித்தார். எனக்கு அதுவரை எந்தப் பார்வையாளரும் இவ்வளவு பெரிய தண்டனை கொடுத்ததில்லை.

கேஸட்டை ஒளித்துவைக்கக்கூட எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை, காரிலேயே விட்டிருந்தேன். ஏப்ரலில் ஒருநாள் வளர்மதி லைப்ரரிக்குப் போகும் வழியில் கேட்டிருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் கேஸட் இருந்தது. சாப்பாடு இல்லை.

"அந்த ஆள் நீங்கதானுங்க?"

ஆறாவது வருஷம், நாற்காலி, பாம்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதும் இந்தக் கார்டு வந்தால்தான் தீரும் என்று அவள் பக்கத்து நியாயத்தையும் நானே எடுத்துச் சொன்னேன். பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாஞ் செரிங்க. உங்களுக்கு வேணா அது துணியா இருக்கலாம். நான் நெசமாத்தான் சொன்னேன், எங்க வீட்டு மனுஷின்னு. வீட்டு மனுஷியை இப்படித்தான் கட்டிப்போட்டு வெப்பாங்களா?"

யாழினி அறையிலிருந்து எட்டிப்பார்த்து, "ஆர் யூ கைஸ் ஃபைட்டிங்?" என்றாள். இல்லை கண்ணு, அம்மா பாடம் நடத்துகிறாள் என்றேன்.

6

மறுநாள் மிஸ் லொரெய்ன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஃப்ரீவேயில் நாற்பது நிமிஷம் ஒத்திகை பார்த்த உரையில் முதல் வரிகூட வரவில்லை. கேஸட் கேட்டேன் மேடம், எனக்காக நீங்கள் இருக்க வேண்டாம், போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மேலதிகாரியை வேலையை விட்டுப் போகச் சொன்ன முதல் கரூர்க்காரன் நானாகத்தான் இருப்பேன். கூடவே, எங்கள் ஊரில் பொன்னாடைக்கு ஒரு பொருளும் கிடையாது, கையெழுத்து வாங்கத்தான் அதைச் செய்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் நாற்காலி முதுகில் கிடந்ததை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"போத்தினது நீங்க இல்லையே, மிஸ்டர் பழனிசாமி. உங்க மனைவி."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். "உங்க மக கிட்ட நான் சொன்னது பாதி நிஜம். மீதியையும் சொல்லிடறேன். முப்பது வருஷத்துக்கு மேல இந்தக் கட்டடத்துல இருந்துட்டேன். மேயர் நான் போன் பண்ணா எடுக்கறார். எனக்காக எடுக்கறாரா, இந்தக் கம்பெனிப் பேருக்காக எடுக்கறாரான்னு எனக்கே தெரியாது. வெளிய போனாத்தான் தெரியும். தெரிஞ்சுக்கப் பயம். உங்க பேப்பர் ஒரு நல்ல சாக்காக் கிடைச்சுது. பயந்தாங்கொள்ளியாவும் இருந்துக்கலாம், நல்ல மனுஷின்னு பேரும் வாங்கிக்கலாம்."

உங்கள் நாற்காலியை எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சிமெண்ட் ஆலையில் என் இருமல் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. தெரியவில்லை மேடம் என்றேன்.

எனக்கும்தான் என்றார்.

ஜூனில் போனார். போகும்முன் மனிதவளப் பிரிவுக்கு என்னைப் பற்றி நீளமாக ஒரு கடிதம் எழுதிவைத்தார். பிரிவு உபசார விழாவில் கம்பெனி அவருக்கு ஒரு கடிகாரம் கொடுத்தது. பொன்னாடையைக் கைப்பையில் அவரே மடித்து வைத்துக்கொண்டார்.

7

புதிய துணைத் தலைவர் டக்குக்கு முப்பத்து நான்கு வயது. டாலஸிலிருந்து வந்தவர். தலைமுடி காற்றுக்கு அசையாது. வந்த முதல் வாரத்தில் என் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இப்போதைக்கு இருக்கட்டும் என்றார். இந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லுக்குள்தான் நாங்கள் மூன்று பேரும் அன்றிலிருந்து குடியிருக்கிறோம். மாடிப்படியில் அவரைப் பார்த்தால் நான் முதலில் வழிவிடுகிறேன். பார்க்காவிட்டால், ஏன் பார்க்கவில்லை என்று யோசிக்கிறேன். தபால்காரர் பெட்டியைத் திறக்கும் சத்தம் வளர்மதிக்குக் குளியலறையிலிருந்தும் கேட்கிறது.

போன மாதம் அந்த ஆரம்பப் பள்ளியின் விளையாட்டு அரங்கில் பொது விசாரணை. கம்பெனிக்கு ஒரு நீள மேசை, வெள்ளை விரிப்பு, மைக். டக்குக்குப் பக்கத்தில் ஃபைலோடு நான். எதிரே மடக்கு நாற்காலிகளில் குடியிருப்பு மக்கள். இரண்டாவது வரிசையில் மிஸ் லொரெய்ன். அவருக்கு அடுத்த நாற்காலியில் வளர்மதி. சொல்லாமல் வந்திருந்தாள். கம்பெனியோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரலாம். அவள் விசாவில் நான் கண்ட ஒரே வசதி அதுதான்.

மிஸ் லொரெய்ன் மைக்குக்கு வந்தார். மேயர் போனை எடுத்தாரா இல்லையா எனக்குத் தெரியாது. அந்த அரங்கில் குழந்தைகள்கூட ஓட்டத்தை நிறுத்தின. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்தப் பள்ளிக்கூடச் சுவத்துல காத்த அளக்க ஒரு கருவி வெச்சிருக்கீங்க. போன மாசம் அது எத்தனை நாள் வேலை செஞ்சுது?"

டக் என் பக்கம் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினார். 'நமக்குத் தெரியுமா?'

நமக்குத் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். ஃபைலில் 'வழக்கமான பராமரிப்பு' என்று நானே எழுதிய பத்தி தயாராக இருந்தது. அதை விரலால் காட்டினால் போதும், டக் வாசித்துவிடுவார். இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். வளர்மதி, பரீட்சை ஹாலில் காப்பியடிக்கும் பையனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேனா மூடியைக் கழற்றுவதற்கே கொஞ்ச நேரம் ஆனது. சீட்டில் எழுதினேன்: 'ஒரு நாள்கூட இல்லை.'

டக் படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சீட்டை நாலாக மடித்தார், கோட்டின் உள்பையில் வைத்தார், மைக்குக்குக் குனிந்தார். சரிபார்த்துவிட்டுத் தெரிவிக்கிறோம் என்றார்.

மிஸ் லொரெய்ன் டக்கைப் பார்க்கவில்லை. நான் சீட்டில் எழுதியபோது என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 'சரிபார்க்கிறோம்' என்று எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவர் அவர்; நான் எழுதியது வேறு என்று புரிந்திருக்கும். தலையை லேசாக அசைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். வெளியே வரும்போது டக் என் தோளைத் தட்டி, நமக்குள் நிஜம் தெரிந்திருப்பது நல்லதுதான் என்றார்.

காரில் வளர்மதி, சீட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"அதையே மைக்குல சொல்லியிருக்கலாமுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. விடைத்தாளில் அரை மார்க் போட்டுவிட்டு, மீதி அரை எங்கே என்று கேட்பது போலச் சொன்னாள். நான் ஃப்ரீவேயில் ஏறுவதிலேயே மும்முரமாக இருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஜோக் எதுவும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல ஆபீஸ் போனேன். வேறு எங்கும் போக எனக்கு அனுமதி இல்லை.